பூ சுடாத கால்

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கலையரசன் முதலில் செய்கிற காரியம் செருப்பைக் கழற்றி இருக்கைக்குக் கீழே தள்ளுவது. நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவே ஓடும் தனியார் டவுன் பஸ் அது. இருபத்திரண்டு வருடமாக அதே தடம். வண்டிதான் மூன்று முறை மாறியிருக்கிறது. வெறுங்காலைக் கிளட்சின் மேல் வைத்தால்தான் வண்டியின் மனசு தெரியும் என்பது அவர் கட்சி. பிரேக் தேய ஆரம்பிப்பதை மெக்கானிக் கண்டுபிடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே அவருடைய வலது பாதம் சொல்லிவிடும்.

"பஸ்ஸுக்கு நாடி பாக்கறீங்களாட்டங்ண்ணா" என்பான் கண்டக்டர் ஆனந்தகுமார்.

"ஆமா. சித்தெ சத்தம் போடாம இரு. கியர்பாக்ஸ் என்னமோ சொல்லுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்லீங்களே. நானும் எட்டு வருசமா இது பின்னாடியேதான் தொங்கறேன்."

அவரைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. நாற்பத்தெட்டு வயது. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார். சந்தோஷம் வந்தாலும் அப்படித்தான், அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு எது எதுவென்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் சிரமம். பொய் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒரே ஒரு பொய்யை இருபத்தேழு வருடமாக விடாமல் காப்பாற்றி வந்தார். அது அவருடைய பாதங்களைப் பற்றியது.

மோகனூரைத் தாண்டி ஆற்றோரமாகக் கிழக்கே போனால் பாய்க்கோரைக் காடுகளுக்கு நடுவில் அவருடைய ஊர். அங்கே மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பூச்சாட்டி, அம்மன் முன்னால் மூன்று கிளைக் கம்பம் நட்டு, பதினைந்தாம் நாள் பொழுது சாயும் நேரம் பூ மிதிப்பார்கள். பூ என்றால் கனல். வேம்பும் கருவேலமும் எரிந்து அடங்கிய தணலைப் பதினாறு அடி நீளத்துக்குத் தட்டிப் பரப்பியிருப்பார்கள். அந்தப் பதினைந்து நாளும் அதை நெருப்பு என்று வாய்தவறிக்கூட யாரும் சொல்வதில்லை. முதல் பூ மிதிப்பது கலையரசன் குடும்பத்தின் பாத்தியம். முன்பு தாத்தா ஆண்டி, பிறகு அப்பா, இப்போது அண்ணன் மணியன். அண்ணன் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறியதும் தம்பி இறங்குவார். தம்பிக்குப் பின்னால்தான் ஊர்.

குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. இள வயதில் எல்லோரையும் போல அவர்களையும் பூ சுடும். நாற்பது தாண்டி ஏதோ ஒரு வருடம் சுடாமல் போய்விடும். தணலில் காலை வைத்தால் ஆற்று மணலில் வைத்த மாதிரி இருக்கும். 'அம்மன் கால் வாங்கின வருசம்' என்று அதற்குப் பெயர். ஆண்டிக்கு நாற்பத்திரண்டில் வாங்கினாள். அப்பாவுக்கு நாற்பத்தைந்தில். மணியனுக்குச் சற்றுத் தாமதமாக, ஐம்பதில். வாங்கின வருடம் கிடா வெட்டி ஒறம்பரைக்கெல்லாம் சோறு போடுவார்கள்.

ஆண்டிக்குப் பின்னாளில் கால்விரல்கள் கறுத்து ஒவ்வொன்றாக விழுந்தன. அப்பாவுக்கு ஐம்பத்தெட்டில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த ஆறாம் மாதம் போய்விட்டார். இரண்டுமே விரதத்தில் வந்த குறை என்று முடிவாயிற்று. காப்புக் கட்டியிருந்தபோது ஆண்டி ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். அது எல்லோருக்கும் தெரிந்த தப்பு. அப்பா என்ன செய்தார் என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மனசால் ஏதோ நினைத்திருப்பார் என்று கடைசியில் பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

கலையரசனை நாற்பத்தெட்டிலும் பூ சுட்டது.

இருபத்தொரு வயதில் முதலில் இறங்கியபோது சுட்டதைப் பற்றி ஒன்றுமில்லை. ஏறி வந்ததும், "சுட்டுதாடா?" என்று யாராவது கேட்பார்கள்; "இல்லீங்க" என்று எல்லோரும் சொல்வதையே அவரும் சொன்னார். அது பொய்க்கும் மரியாதைக்கும் நடுவில் இருக்கிற ஒரு சொல். நாற்பது தாண்டிய பிறகு அதே சொல்லுக்குக் கனம் ஏறிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன், பால் குழியில் கால் நனைத்துக்கொண்டு நின்றவரிடம் அண்ணி மலர்விழி குரலைத் தாழ்த்தி, "உங்களையும் வாங்கிட்டாளாட்டங்க?" என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பைப் பார்த்து ஆமாம் என்று தலையசைத்துவிட்டார். மறுவாரம் கிடா வெட்டினார்கள். தனக்காக வெட்டிய கிடாவின் ஈரலை இலையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார்.

மனைவி மஞ்சுளாவுக்கு மட்டும் தெரியும். பூமிதி முடிந்த அன்று கதவைச் சாத்திவிட்டு அவர் பாதத்தில் கற்றாழை தடவுவது அவள்தான்.

"இந்த வருசமும் வாங்கலீங்களா?"

"இல்ல."

"என்னத்துக்குத்தான் இத உங்ககிட்டயே விட்டு வெச்சிருக்காளோ."

கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு, உணராமல் கடக்கிறவனும் உணர்ந்து பொறுத்துக்கொண்டு கடக்கிறவனும் ஒன்றுதான். இரண்டும் பதினாறு அடி, ஏழெட்டு எட்டு. வித்தியாசம் நடக்கிறவனுக்கு மட்டுமே தெரிகிறது. அந்த வித்தியாசத்தில்தான் அம்மன் தன்னைத் தள்ளி வைத்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார். ஒரே வயிற்றில் பிறந்தும் வாசலுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவனின் வருத்தம் அது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாததால் அது வருத்தமாகவும் இல்லாமல் ஒரு வகைப் பழக்கமாகிவிட்டது.

கம்பம் நட்ட நாளிலிருந்து அவருக்குச் சாலையே வேறாகிவிடும். மத்தியானம் அணியாபுரம் தாண்டி நேராகக் கிடக்கும் தாரில் கானல் எழும்பி நெளியும்போது, வண்டி அதன் மேல் அல்ல, தணலின் மேல் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும். நெருங்க நெருங்க அந்தப் பளபளப்பு விலகிக்கொண்டே போகும். சர்க்கரை ஆலை ஓடுகிற பருவத்தில் அதன் புளித்த இனிப்பு வாசம் ஜன்னல் வழியாக வந்து எல்லோரையும் பாதித் தூக்கத்தில் ஆழ்த்தும். பயணிகள் தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடும். மோகனூர் இறக்கத்தில் ஆறு தெரியும். வெயிலில் தண்ணீரும் மணலும் பிரிந்து தெரியாத வெள்ளை. கண் விழித்திருந்தும் ஒரு கனவை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். அப்போதெல்லாம் அவரைத் தரையில் பிடித்து வைத்திருப்பது கிளட்சின் மேல் இருக்கும் பாதம் ஒன்றுதான்.

அவருக்குச் சர்க்கரை வந்து பதினொரு வருடம். அண்ணனுக்கு ஒன்பது. அண்ணன் அன்றிலிருந்து ராகிக் களியும் கீரையும்தான். மாத்திரை ஒரு வேளை தவறியதில்லை. பொழுது கிளம்புமுன் கோரைக்காட்டு வரப்பில் ஐந்து சுற்று. கலையரசன் பஸ் ஸ்டாண்டில் போண்டா, டீ, பாதி நாள் மறந்துபோன மாத்திரை. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் எப்போதும் அண்ணனுக்குத்தான் நல்ல எண். ஆனாலும் லைசென்ஸ் பரிசோதனைக்குப் போன இடத்தில் நாமக்கல் டாக்டர் கலையரசனின் கண்ணையும் காலையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "உங்க ஒழுக்கத்துக்கு இந்த உடம்பு கொஞ்சம் அதிகந்தான்" என்றார். சேலத்தில் ஒரு சர்க்கரை ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது, சர்க்கரை உள்ள அண்ணன் தம்பிகளை ஜோடியாகத் தேடுகிறார்கள், கூடப் பிறந்தவருக்கும் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பூமிதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் மணியனைக் கிளப்ப முடிந்தது. காப்புக் கட்டியவன் வெளியூரில் தங்கக் கூடாது.

சேலம் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டில்கள். ஆராய்ச்சி செய்கிற பெண்ணின் பெயர் தேவிப்ரியா. முப்பது வயதிருக்கும், கெங்கவல்லிக்காரி. "பேச்சுல மருவாதி கம்மியா இருக்கேன்னு பாத்தேன்" என்றார் மணியன். "மரியாதை இருக்கு, 'ங்க'தான் கம்மி" என்றாள் அவள். மணியனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ரத்தம் எடுத்த பிறகு அவள் இரண்டு பல் உள்ள ஓர் இரும்புக் கவையை எடுத்து உள்ளங்கையில் தட்டி, கலையரசனின் கால் பெருவிரல் எலும்பின் மேல் நிறுத்தினாள். "அதிர்வு தெரியுதா? நின்னதும் சொல்லுங்க."

தெரிந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு கல்தூணில் கை வைத்தால் உள்ளே ஓடுமே, அது. காலிலிருந்து ஏறிக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் இருக்குதுங்க," என்றார். சற்றுப் பொறுத்து, "இன்னும்." ஆறு தொலைவில் வளைந்து மறைவதைப் போல அது மெலிந்துகொண்டே போயிற்று. "இப்ப நின்னுருச்சு."

"இருபது வயசுப் பிள்ளைங்க கால் மாதிரி இருக்கு" என்றாள் தேவிப்ரியா.

அடுத்த கட்டிலுக்குப் போய்க் கவையைத் தட்டி மணியனின் விரலில் வைத்தாள். மணியன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மின்விசிறி மூன்று நான்கு சுற்றுச் சுற்றியது.

"ஆரம்பிக்கலீங்களா?" என்றார் மணியன்.

"வச்சு நேரமாச்சுங்க."

"ஓ," என்றார்.

பிறகு அவள் அவருடைய குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். தடித்த தோலுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. கருவேல முள், அரை விரல் நீளம். பின்னால் சீழ் ஒரு சொட்டு.

மணியன் எட்டிப் பார்த்தார். "யாரு காலுலீங்க இருந்துச்சு அது?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"உங்க குடும்பத்துல கால் மரத்துப் போனவங்க யாராவது இருந்தாங்களா?" என்று படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மரத்ததெல்லாம் யாரும் இல்லீங்க" என்று எழுந்து உட்கார்ந்தார் மணியன். "எங்களுது அம்மன் வாங்கின காலு." பூமிதியைப் பற்றி, தாத்தாவைப் பற்றி, சுடாமல் போகிற வருடத்தைப் பற்றி நிதானமாக, பெருமையாகச் சொன்னார். அவள் குறுக்கிடவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: "யார் யாருக்கு எந்த வயசுலங்க?"

நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து, ஐம்பது. மூன்று எண்களையும் அவள் எழுதினாள். கலையரசனுக்கு அந்தத் தாள் தலைகீழாகத்தான் தெரிந்தது. எந்தக் கேள்விக்கு நேராக எழுதுகிறாள் என்று படிக்க முடியவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"தம்பிக்கு?"

"தம்பிக்கும் வாங்கிட்டாளுங்க. நாப்பத்தஞ்சுல" என்றார் மணியன்.

தேவிப்ரியா கலையரசனின் பாதத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். பேனா தாளின் மேல் சற்று நின்றது. அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"ஏனுங்க அம்மிணி," என்றார் கலையரசன், வேறு எதையாவது பேச வேண்டும் என்பதற்காக. "அண்ணன் பத்தியம் தப்பறதில்ல. நான் கண்டதயும் திங்கறவன். ஒரே அப்பன், ஒரே ஆத்தா. இவருக்கு ஏன் இப்படி, எனக்கு ஏன் அப்படி?"

"அப்பா அம்மாகிட்ட இருந்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மூட்டை வருதுன்னு நினைக்கிறோம். அப்படி இல்லீங்க. அவங்ககிட்ட இருக்கிறதுல பாதி பாதியாத்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருது, எந்தப் பாதின்னு யாரும் தேர்ந்தெடுக்கிறதில்ல. சர்க்கரை வர்றதுக்குன்னு சிலது இருக்கு. வந்த சர்க்கரை காலைத் தொடுமா, கண்ணைத் தொடுமாங்கிறதுல வேற சிலதுக்கும் பங்கு இருக்கு. ஒன்னு ரெண்டு இல்ல, நிறைய. ஒவ்வொன்னும் துளி துளி."

"எதெதுங்க?"

"முழுசாத் தெரிஞ்சா உங்களை இவ்வளவு தூரம் வரச்சொல்லி ஊசி குத்துவனா?" அவள் மணியன் பக்கம் திரும்பினாள். "உங்க பத்தியம் வீண்னு நினைச்சுராதீங்க. அது இல்லன்னா இன்னும் முன்னாடியே வந்திருக்கும். தம்பி இனிமே இஷ்டத்துக்குத் திங்கலாம்னும் நான் சொல்லல. இன்னைக்கு நல்லா இருக்கு, அவ்வளவுதான்." பிறகு குரலை மாற்றாமலே சொன்னாள். "இந்த வருசம் பூ மிதிக்காதீங்க. முள் எடுத்த இடம் ஆழமா இருக்கு. சுட்டா உங்களுக்குத் தெரியாது. புண்ணு உள்ள போகும். கால் போயிரும்."

"போகாதுங்க," என்றார் மணியன் அன்பாக. "அதுதான் அவகிட்ட இருக்குதே."

திரும்பி வருகிற பேருந்தில் கலையரசன் பயணியாக உட்கார்ந்திருந்தார். வேறொருவன் ஓட்டுகிற வண்டியில் காலுக்கு வேலையில்லை. மல்லூர் தாண்டும்போது அண்ணன் தூங்கிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே கரட்டுக் குன்றுகள் வெயிலில் மிதந்துகொண்டு வந்தன. கண்ணுக்குள் அப்பா நடந்தார்: தணலின் மேல், அவசரமே இல்லாமல், திருவிழாக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. எவ்வளவு அழகான நடை என்று சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்த நடை. அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்த நடை அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவரைக் குழப்பியது.

நாமக்கல்லில் இறங்கி நிலையத்தைக் கடக்கும்போது மணியன் முன்னால் போனார். மத்தியான வெயில் சிமெண்ட் தரையில் கொதித்தது. அவருடைய இடது காலில் செருப்பு இல்லை. பேருந்திலேயே கழன்று விழுந்திருக்க வேண்டும். ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெயிலுமாக, மோகனூர் வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தேடிக்கொண்டே அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

கலையரசன் கூப்பிடவில்லை. தன் செருப்பைக் கழற்றி ஓடிப்போய் அவர் முன்னால் போட்டார்.

"உன்றதா? நீ எதப் போட்டுக்குவ?" என்றார் மணியன், கீழே பார்த்து.

"எனக்குச் சுட்டாத் தெரியும்ங்ண்ணா," என்று வாயில் வந்துவிட்டது. அண்ணன் கேட்டாரா என்று தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து மலர்விழி கலையரசன் வீட்டுக்கு வந்தாள். முள் எடுத்த இடத்தில் வைத்த துணி தினமும் நனைந்துவிடுகிறது என்றாள். "நான் சொன்னா, உனக்கு விசுவாசம் இல்லைங்கறார். நீங்களும் வாங்கின காலுக்காரர். நீங்க சொன்னாத்தானுங்க எடுபடும்." அவளுக்குப் பின்னால் நின்ற மஞ்சுளா கணவனைப் பார்த்தாள். அவள் மாமனாரின் கால் போன வயது ஐம்பத்தெட்டு. மணியனுக்கு ஐம்பத்தாறு.

மறுநாள் காலை கலையரசன் லீவு சொல்லிவிட்டு அண்ணனின் கோரைக்காட்டுக்குப் போனார். அறுத்த கோரையை வெயிலில் விரித்துப் போட்டிருந்தார்கள். பச்சை மாறி வெளுத்துக்கொண்டிருந்தது. மணியன் வரப்பில் உட்கார்ந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். காலில் துணி.

"ண்ணா, ஒன்னு சொல்லோணும்."

"சொல்லு."

"என்னைய வாங்கலீங்க."

மணியன் முடிச்சை இறுக்கினார். "எப்பவுமா?"

"எப்பவும். ஒரு வருசங்கூடச் சுடாம இருந்ததில்ல. அந்தக் கெடா வீணுங்க."

"நல்ல கெடாடா அது. வீணெல்லாம் ஒன்னுமில்ல." அடுத்த கட்டை எடுத்தார். "அந்த இரும்பை வெச்சப்ப இன்னும் இருக்குது, இன்னும் இருக்குதுன்ன பாரு, அப்பவே தெரியும். பக்கத்துக் கட்டல்லதான படுத்திருந்தேன்."

கலையரசனுக்கு இருபத்தேழு வருடம் இவ்வளவு சுலபமாக முடிந்துபோனதில் ஓர் ஏமாற்றம்கூட இருந்தது. ஆனால் சொல்ல வேண்டியதில் இது பாதிதான்.

"உங்களுதும் அவ வாங்கினதில்லீங்க. அது சீக்கு. அப்பனுக்கும் அதேதான். தாத்தனுக்கும்."

கோரை கட்டுகிற கை நின்றது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து விரித்துப் போட்டிருந்ததைப் புரட்டிவிட்டுப் போயிற்று.

"அப்பன் படுத்திருந்த ஆறு மாசமும் நீ பஸ்ஸுல இருந்த," என்றார் மணியன். குரல் உயரவில்லை. "நாந்தான் பக்கத்துல. தெனமும் கேட்பாரு. மணியா, நான் என்ன தப்புடா பண்ணுனேன்? யோசிச்சுச் சொல்றா, உனக்காவது நாவகம் இருக்கும்பாரு. நானும் யோசிப்பேன். ஒரு நாளு, பொங்கலன்னிக்குப் பக்கத்துக்காட்டுக்காரனத் திட்டுனீங்களே அதா இருக்குமான்னு கேட்டேன். அதைப் புடிச்சுக்கிட்டாரு. சாகற வரைக்கும் அதயே நெனச்சு அழுதாரு."

கலையரசனுக்கு இது தெரியாது.

"நீ சொல்றாப்ல சீக்குன்னா," என்று மணியன் நிறுத்தினார். "அப்ப அப்பன் மேல தப்பில்லியா?"

"இல்லீங்ண்ணா."

"மனசாலகூட?"

"இல்லீங்க. அவுங்கப்பன்கிட்டருந்து வந்திருக்குது. உங்களுக்கு வந்துச்சு. எனக்கு வல்ல. அவ்வளவுதான். ஆரும் பாத்துக் குடுத்ததில்ல."

மணியன் கட்டின கட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "காப்புக் கட்டியாச்சு," என்று மட்டும் சொன்னார். இறங்குவேன் என்றா, வேறு எதுவா என்று கலையரசனால் பிரிக்க முடியவில்லை. அந்த வழக்கம் குடும்பத்துக்கே உண்டு போலிருக்கிறது.

அதன் பிறகு ஒரு வாரம் அண்ணன் அவரிடம் பேசவில்லை. கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஆற்றிலிருந்து தீர்த்தக் குடம் வந்தது. மணியனும் மஞ்சள் உடுத்தி மற்றவர்களோடு தலையில் குடம் வைத்து நடந்து வந்தார், காலில் துணியோடு. மலர்விழி அவர் போகிற இடமெல்லாம் முன்னால் ஓடித் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனாள்.

பூமிதி அன்று நாலரை மணிக்குத் தணலைத் தட்டிச் சமன் செய்தார்கள். மேலே பூத்த சாம்பலை வேப்பிலையால் விசிறியதும் அடியில் இருந்த சிவப்பு மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. பம்பை மேளம் ஓங்கியது. மணியன் மாலையும் வேப்பிலைக் கொத்துமாகக் குழியின் முனையில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கலையரசன். கூட்டத்தில் தேடினால் மலர்விழியின் முகம் தென்படும், அதனால் தேடாமல் இருந்தார்.

மணியன் கும்பிட்டார். காலில் இருந்த துணியைக் குனிந்து பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றித் திரும்பித் தம்பியின் கழுத்தில் போட்டார்.

பம்பைக்காரர்கள் அடி மாறினார்கள். "என்னப்பா மணியா?" என்றார் பூசாரி.

"முதல் பூ இந்த வருசம் தம்பி மிதிக்கட்டுங்க."

"அம்மன் வாங்கின காலு நிக்கறப்ப..."

"என்ற காலுக்குச் சுடறதில்லீங்க," என்றார் மணியன், எல்லோருக்கும் கேட்கும்படி. "சுடற காலு இறங்கட்டும்."

ஊருக்கு அது விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் நேரம் தவறக் கூடாது என்பது எல்லோருக்கும் விளங்கும். பூசாரி விபூதியைக் கலையரசனின் நெற்றியில் இட்டார்.

அவர் இறங்கினார். வழக்கம்போல முகத்தை இறுக்கிக்கொள்ளத் தொடங்கி, அதற்கு இனி அவசியமில்லை என்பது ஞாபகம் வர, விட்டுவிட்டார். மூன்றாவது எட்டில் வலி முழங்கால் வரை ஏறியது. ஐந்தாவதில் வாய்விட்டுக் கத்தினார். பம்பையில் அது கரைந்துபோயிற்று. சுற்றிலும் முகங்கள், வேப்பமரம், கோபுரம், கோரைக்காடு எல்லாம் வெப்பத்தில் நெளிந்து தண்ணீருக்கு அடியில் இருப்பவை போல ஆயின. அணியாபுரத்துச் சாலையில் எப்போதும் விலகி விலகிப் போகிற அந்தப் பளபளப்பின் மேல் கடைசியில் கால் பட்டுவிட்டதென்று தோன்றியது. கனவு மாதிரி இருந்தது. கனவில் இப்படிச் சுடுமா என்பது மட்டும் தெரியவில்லை.

ஏறிப் பால் குழிக்குள் நின்றார். பின்னால் ஊர் இறங்கத் தொடங்கியிருந்தது. மணியன் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, மலர்விழி நனைத்துப் போட்ட சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

"சுட்டுதா?"

பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். "சுட்டுதுங்ண்ணா," என்றார் கலையரசன்.

"எங்க?"

"இடது கால்ல, பெருவிரலுக்குக் கீழ. அங்கதான் எச்சாச் சுட்டுது."

மணியன் துணி சுற்றிய தன் காலை இழுத்து வைத்துக்கொண்டு, அதே இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். அழுத்துகிற விரலுக்குத்தான் தெரிந்தது.

"உங்கிட்ட ஒன்னு சொல்றேன்," என்றார். "எனக்குச் சுடாமப் போன வருசம், நீங்கெல்லாம் கெடாச் சோத்துக்கு உக்காந்திருந்தீங்களே, நான் மாட்டுக் கொட்டாய்க்குள்ள நின்னு அழுதுட்டிருந்தேன். அதுக்கு மிந்தி சுடறப்பவெல்லாம் அம்மன் பக்கத்துல நிக்கறான்னு தெரியும். அந்த வருசம் தணல்ல நிக்கறேன், ஆரும் இல்ல. சும்மா மணலு. எல்லாரும் வாங்கிட்டா வாங்கிட்டாங்கறாங்க. எனக்கு உட்டுட்டுப் போயிட்டாளோன்னு இருந்துச்சு. ஆருகிட்டச் சொல்றது?"

கலையரசன் பால் குழியிலிருந்து காலை எடுத்து அவருக்குப் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தார். பாதத்தில் கொப்புளம் ஒன்று எழும்பத் தொடங்கியிருந்தது. மணியன் அதைக் குனிந்து பார்த்தார். பல வருடம் பார்க்காத ஒருவரைப் பார்க்கிற பார்வை.

"நாளைக்கு நாமக்கல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ," என்றார். "இந்தப் புண்ணக் காட்டலாம். இன்னிக்கு வேண்டாம், கம்பம் எடுக்கோணும்."

"செரிங்க."

பம்பைச் சத்தம் தூரத்துக்குப் போனது போலிருந்தது. மணியன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பச் சொல்லு. எப்படி இருந்துச்சு?"

"எதுங்ண்ணா?"

"சுட்டது. அவசரப்படாத. மொதல் அடியில இருந்து சொல்லு."

கலையரசன் யோசித்தார். வண்டி கிளம்பும்போது கிளட்சை விடுகிற மாதிரி, மெதுவாக ஆரம்பித்தார்.

"மொதல் அடியில ஒன்னுந் தெரியாதுங்க..."